எது முதலில் கொதிக்கும்? மூலக்கூறிடை விசைகளைக் கொண்டு கொதிநிலையைக் கணிக்கும் வழி

இரண்டு சேர்மங்களின் பெயர்களைக் கொடுத்து இவற்றுள் எது முதலில் கொதிக்கும் என்று கேட்டால், பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களும் தடுமாறுவதுண்டு. நானும் அப்படித் தடுமாறியவன்தான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் மூலக்கூறிடை விசைகளைப் பற்றி, "ஹைட்ரஜன் பிணைப்பு வலிமையானது, இருமுனை விசை அதற்கு அடுத்தது, லண்டன் விசை எல்லாவற்றிலும் வலுக்குறைந்தது" என்ற ஒரே வரியை மனப்பாடம் செய்துகொண்டு எல்லாக் கேள்விகளையும் அதனாலேயே சந்தித்தேன். குளோரோஃபார்முக்கு இருமுனை (மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே நேர்மின்னேற்றம், மறுபக்கம் எதிர்மின்னேற்றம்) உண்டு, கார்பன் டெட்ராகுளோரைடுக்கு இல்லை, ஆகவே குளோரோஃபார்ம்தான் பிந்திக் கொதிக்கும் என்று ஒரு தேர்வில் உறுதியாக எழுதி வைத்தேன். உண்மையில் குளோரோஃபார்ம் 61 டிகிரி செல்சியஸிலும் கார்பன் டெட்ராகுளோரைடு 77 டிகிரியிலும் கொதிக்கின்றன. அந்த ஒரு வரியைக் கைவிட்டு, ஒரு சேர்மத்தை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்று நானாகக் கண்டுபிடிப்பதற்குப் பல மாதங்கள் ஆயின. அந்த ஒழுங்கைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். இதில் வரும் வெப்பநிலைகள் எல்லாம், வேறாகச் சொல்லாத இடங்களில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அளந்த செல்சியஸ் அளவுகள்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தனிம வரிசை அட்டவணை ஒன்று வேண்டும். எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) மதிப்புகளில் ஒரு சில போதும்: ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, கந்தகம் 2.58, அயோடின் 2.66, புரோமின் 2.96, நைட்ரஜன் 3.04, குளோரின் 3.16, ஆக்சிஜன் 3.44, ஃபுளூரின் 3.98. இவற்றை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

மூன்றாவதாக, நம்பகமான கொதிநிலை அட்டவணை தேவை. இதில் கவனமாக இருங்கள். கொதிநிலைக்கு அருகில் அழுத்தத்தையும், "சிதைகிறது", "பதங்கமாகிறது" போன்ற குறிப்புகளையும் சேர்த்துத் தரும் அட்டவணையே பயன்படும். வெறும் எண்ணை மட்டும் தரும் பட்டியலால் எனக்கு விளைந்த குழப்பத்தை எட்டாம் படியில் சொல்கிறேன். இவை தவிர வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். மூலக்கூறு மாதிரிப் பொம்மைகள் இருந்தால் நான்காம், ஐந்தாம் படிகளில் உதவும், இல்லாவிட்டாலும் குறைவில்லை.

1. இது மூலக்கூறுகளால் ஆன பொருள்தானா என்று பாருங்கள்

இந்தப் படிக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் இதைத் தாண்டிச் செல்லக் கூடாது. மூலக்கூறிடை விசை என்ற பேச்சே, தனித்தனி மூலக்கூறுகள் இருக்கும் பொருள்களுக்குத்தான் பொருந்தும். சோடியம் குளோரைடில் அயனிகள் உண்டு, மூலக்கூறு கிடையாது. அதனால்தான் அது உருகுவதற்கே 801 டிகிரி வேண்டியிருக்கிறது. குவார்ட்சில் சிலிக்கானும் ஆக்சிஜனும் முடிவில்லாத வலைப்பின்னலாகச் சகப்பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. அதைக் கார்பன் டைஆக்சைடோடு ஒப்பிட்டு, "இரண்டும் ஒரே தொகுதித் தனிமங்களின் ஆக்சைடுகள்தானே" என்று லண்டன் விசைக் கணக்குப் போட்டால் கணக்கே தப்பு. கார்பன் டைஆக்சைடு தனி மூலக்கூறுகளால் ஆனது. திண்ம நிலையிலிருந்து −78.5 டிகிரியிலேயே நேராக வாயுவாகிவிடுகிறது. உலோகம், உப்பு, வலைப்பின்னல் திண்மம் ஆகிய மூன்றையும் இந்தப் படியிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

2. எதைப் பிரிப்பதற்குச் செலவு ஆகிறது என்று தெளிவாகுங்கள்

புதியவர்கள் விழும் முதல் பெரிய குழி இது. நீர் கொதிக்கும்போது நீர் மூலக்கூறு உடைவதில்லை. ஆவியிலும் அதே மூலக்கூறுதான் இருக்கிறது. பக்கத்து மூலக்கூறுகளின் பிடியிலிருந்து அது விடுபட்டிருக்கிறது, அவ்வளவே. இரண்டுக்குமான ஆற்றல் செலவை ஒப்பிட்டால் விளங்கும். கொதிநிலையில் ஒரு மோல் நீரை ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். அந்த நீரில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு மோல் பிணைப்புக்கும் ஏறத்தாழ 463 கிலோஜூல் வேண்டும். ஒரு மூலக்கூறில் அத்தகைய பிணைப்புகள் இரண்டு. மீத்தேனில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. அதை ஆவியாக்க 8.2 கிலோஜூல் ஆகிறது, அதன் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுக்கு 413 கிலோஜூல் அளவில் ஆகும்.

ஆகவே, "இதன் பிணைப்புகள் வலிமையானவை, அதனால் கொதிநிலை அதிகம்" என்ற வாக்கியம் உங்கள் விடைத்தாளில் எங்கேயும் வரக் கூடாது. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் உள்ள சகப்பிணைப்பு ஹைட்ரஜன் அயோடைடில் உள்ளதைவிட ஏறத்தாழ இரு மடங்கு வலிமையானதே. ஆனால் அவற்றின் கொதிநிலைகளைப் பேசும்போது அந்தச் செய்திக்கு வேலையே இல்லை.

இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள். 25 டிகிரியில் வெப்ப இயக்கத்தின் அளவுகோலாகக் கொள்ளும் ஆற்றல் மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல். மூலக்கூறிடை ஈர்ப்புகள் இந்த அளவின் சில மடங்குகளாகவே இருப்பதால்தான் சாதாரண வெப்பநிலை மாற்றங்களுக்கே திரவங்கள் ஆவியாகின்றன, வாயுக்கள் குளிர்ந்து திரவமாகின்றன. "வலுக்குறைந்த விசை" என்பதன் பொருள் இதுவே; அற்பமான விசை என்பது அதன் பொருள் அன்று.

3. எதற்கும் முன்பாக எலக்ட்ரான் முகிலைப் பாருங்கள்

நான் மாதக்கணக்கில் தலைகீழாகச் செய்துகொண்டிருந்த படி இது. முதலில் ஹைட்ரஜன் பிணைப்பைத் தேடுவேன். கிடைக்காவிட்டால் இருமுனையைத் தேடுவேன். அதுவும் இல்லாவிட்டால்தான், வேறு வழியில்லாமல், லண்டன் விசைக்கு வருவேன். ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. லண்டன் விசை எல்லா மூலக்கூறுகளுக்கும் உண்டு. நீருக்கும் உண்டு, ஹீலியம் அணுவுக்கும் உண்டு. எனவே அடித்தளத்தை முதலில் அளந்துவிட்டு, மற்ற இரண்டையும் அதன் மேல் கூட்டிப் பார்ப்பதே முறை.

இந்த விசை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் எதை அளக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஒரு மூலக்கூறின் எலக்ட்ரான் முகில் நொடிக்கு நொடி அசைந்துகொண்டிருக்கிறது. அது ஒரு கணம் ஒரு பக்கமாகச் சாயும்போது அந்தப் பக்கம் சற்றே எதிர்மின்னேற்றமும் மறுபக்கம் நேர்மின்னேற்றமும் தோன்றுகின்றன. இந்தத் தற்காலிக இருமுனை பக்கத்து மூலக்கூறின் முகிலையும் தனக்கு ஏற்றபடி சாய்த்து, இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கும்படி செய்கிறது. முகில் எவ்வளவு எளிதாகச் சாய்கிறதோ அவ்வளவுக்கு ஈர்ப்பு கூடும். இந்தச் சாயும் இயல்பையே முனைவாகும் திறன் என்கிறோம். மூலக்கூறுகளுக்கு இடையிலான தொலைவு கூடினால் ஈர்ப்பின் ஆற்றல் அத்தொலைவின் ஆறாம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் ஆற்றல் 64-இல் ஒரு பங்காகிவிடும். ஒட்டி நிற்பவற்றுக்கு மட்டுமே பயன்படும் விசை இது.

மந்த வாயுக்களில் வேறு எந்த விசையும் கலக்காமல் இதைத் தனியே காணலாம். ஹீலியம் −269, நியான் −246, ஆர்கான் −186, கிரிப்டான் −153, செனான் −108 என்று கொதிநிலை ஏறிக்கொண்டே போகிறது. ஹாலஜன்களிலும் இதே கதைதான்: ஃபுளூரின் −188, குளோரின் −34, புரோமின் 59, அயோடின் 184. எவற்றிலும் நிலையான இருமுனை இல்லை; எலக்ட்ரான்கள் பெருகுகின்றன, வெளிப்புற எலக்ட்ரான்கள் அணுக்கருவின் பிடியிலிருந்து விலகி இளகுகின்றன, அவ்வளவே. "வலுக்குறைந்தது" என்று நான் ஒதுக்கி வைத்த இதே விசைதான் அயோடினை அறை வெப்பநிலையில் திண்மமாக நிறுத்தி வைத்திருக்கிறது.

நேர்ச்சங்கிலி ஆல்கேன்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. பென்டேன் 36, ஹெக்சேன் 69, ஹெப்டேன் 98, ஆக்டேன் 126 என்று, இந்தப் பகுதியில் ஒவ்வொரு கார்பன் கூடும்போதும் சுமார் 30 டிகிரி ஏறுகிறது; சங்கிலி நீள நீள இந்த ஏற்றம் படிப்படியாகச் சுருங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல குறிப்பேடுகளில் "மோலார் நிறை கூடினால் கொதிநிலை கூடும்" என்று எழுதியிருக்கும். ஒரே குடும்பத்துக்குள் அது பலிக்கும், ஏனெனில் அங்கே நிறையும் எலக்ட்ரான் முகிலும் சேர்ந்தே வளர்கின்றன. குடும்பம் மாறினால் கைவிட்டுவிடும். ஹெக்சேனின் மோலார் நிறை 86, கொதிநிலை 69 டிகிரி. அதன் ஹைட்ரஜன்கள் அனைத்தையும் ஃபுளூரினாக மாற்றிய பெர்ஃபுளூரோஹெக்சேனின் மோலார் நிறை 338. கொதிநிலையோ 57 டிகிரிதான். நிறை ஏறத்தாழ நான்கு மடங்கு, எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் 50-இலிருந்து 162 ஆகிவிட்டது, ஆனாலும் முன்னதாகவே கொதிக்கிறது. ஃபுளூரின் தன் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சாயாத முகில் எத்தனை பெரிதாக இருந்தும் பயனில்லை. ஆகவே எலக்ட்ரான்களை எண்ணுங்கள், பிறகு அவை இளகியவையா இறுகியவையா என்றும் கேளுங்கள். ஃபுளூரின் நிறைந்த மூலக்கூறு கண்ணில் பட்டால் எச்சரிக்கையாகுங்கள்.

4. வடிவத்தைப் பாருங்கள்

எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு பரப்பில் தொட முடிகிறது என்பது மாறும். பென்டேனின் மூன்று மாற்றியங்கள் (அணுக்கள் ஒன்றே, அவை அமைந்த விதம் வேறு) இதற்குப் போதும்: நேர்ச்சங்கிலிப் பென்டேன் 36.1, ஒரு கிளை உள்ள ஐசோபென்டேன் 27.8, உருண்டையான நியோபென்டேன் 9.5. நீளமானவை பக்கவாட்டில் படுத்து ஒட்டிக்கொள்கின்றன. உருண்டையானவை ஒரு புள்ளியில்தான் தொடுகின்றன.

இதே தர்க்கத்தை உருகுநிலைக்கு நீட்டிவிடாதீர்கள். உருகுநிலையில் நேர்ச்சங்கிலி −130, ஐசோபென்டேன் −160, நியோபென்டேன் −17 என்று வரிசையே குலைந்துவிடுகிறது. சீரான உருண்டைகள் படிகத்தில் அழகாக அடுக்கிக்கொள்வதால் நியோபென்டேன் மிக முன்னதாகவே உறைந்துவிடுகிறது. கேள்வி கொதிநிலையைக் கேட்கிறதா உருகுநிலையைக் கேட்கிறதா என்று இரண்டு முறை படிப்பதற்கு ஐந்து நொடி செலவிடுங்கள்.

5. நிலையான இருமுனை இருக்கிறதா, எவ்வளவு?

இதற்கு இரண்டு செயல்கள் உள்ளன; இரண்டாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். முதலில், அட்டையில் எழுதி வைத்த எலக்ட்ரான் கவர்தன்மை மதிப்புகளைக் கொண்டு ஒவ்வொரு பிணைப்பும் முனைவுள்ளதா என்று பார்க்க வேண்டும். பிறகு மூலக்கூறின் உருவத்தை வரைந்து, அந்தப் பிணைப்புகளின் இழுப்புகள் ஒன்றையொன்று அடித்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கார்பன் டைஆக்சைடில் இரு பக்கமும் சமமாக இழுப்பதால் நிகர இருமுனை பூச்சியம். வளைந்த நீரில் அப்படி அடித்துப்போகாமல் 1.85 டிபை மிஞ்சுகிறது. (இருமுனையின் அளவை இருமுனைத் திருப்புத்திறன் என்பார்கள், டிபை அதன் அலகு.)

இருமுனையின் விளைவைத் தனித்துக் காண வேண்டுமானால் 1,2-டைகுளோரோஎத்தீனின் இரண்டு மாற்றியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அணுக்கள், ஒரே எலக்ட்ரான்கள். குளோரின்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள டிரான்ஸ் வடிவத்தில் இருமுனை பூச்சியம், கொதிநிலை 48. அவை ஒரே பக்கத்தில் உள்ள சிஸ் வடிவத்தில் இருமுனைத் திருப்புத்திறன் 1.9 டிபை, கொதிநிலை 60. மற்றவை சமமாக இருக்கும்போது அவ்வளவு பெரிய இருமுனை பெற்றுத் தந்தது சுமார் 12 டிகிரி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஹைட்ரஜன் ஹாலைடுகளைப் பாருங்கள். குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்று இறங்கும்போது இருமுனைத் திருப்புத்திறன் 1.1, 0.8, 0.45 டிபை என்று குறைகிறது. கொதிநிலையோ −85, −67, −35 என்று ஏறுகிறது. இருமுனை இழந்ததைவிட அதிகமாக எலக்ட்ரான் முகில் ஈட்டிக் கொடுத்துவிட்டது. குளோரோஃபார்ம் விஷயத்தில் நான் விழுந்த குழியும் இதுவே: 1 டிபை அளவிலான இருமுனை ஒரு பக்கம், இளகிய எலக்ட்ரான்கள் நிறைந்த ஒரு குளோரின் அணு மறு பக்கம். குளோரின் வென்றது.

6. ஹைட்ரஜன் பிணைப்பு: இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், எத்தனை என்றும் கேளுங்கள்

நிபந்தனை எளிது. நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் ஆகிய மூன்றில் ஒன்றோடு நேரடியாகப் பிணைந்த ஹைட்ரஜன் ஒரு மூலக்கூறில் இருக்க வேண்டும். அதைப் பெற்றுக்கொள்ளத் தனித்த எலக்ட்ரான் இரட்டையுள்ள அத்தகைய அணு பக்கத்து மூலக்கூறில் இருக்க வேண்டும். "நேரடியாக" என்ற சொல்லின் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். அசிட்டோனில் ஹைட்ரஜனும் உண்டு, ஆக்சிஜனும் உண்டு. ஆனால் ஹைட்ரஜன்கள் அனைத்தும் கார்பனோடு பிணைந்தவை. நீரின் ஹைட்ரஜனை அசிட்டோன் வாங்கிக்கொள்ளும். தன்னினத்தோடு கொடுக்கல் வாங்கல் நடத்த அதனிடம் கொடுப்பதற்கு எதுவுமில்லை.

பிணைப்பு இருப்பதை உறுதி செய்ததும் கொடுப்பவற்றையும் வாங்குபவற்றையும் எண்ணுங்கள். ஹைட்ரஜன் ஃபுளூரைடின் ஒவ்வொரு ஹைட்ரஜன் பிணைப்பும் நீரில் உள்ளதைவிட வலிமையானது. ஆனாலும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு 19.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதன் மூலக்கூறுக்கு ஒரே ஒரு ஹைட்ரஜன். வாங்குவதற்கு மூன்று எலக்ட்ரான் இரட்டைகள் இருந்தும் கொடுப்பதற்கு ஆளில்லை. அம்மோனியாவில் குறை எதிர்ப்பக்கம்: கொடுக்க மூன்று ஹைட்ரஜன், வாங்க ஒரே ஒரு இரட்டை, கொதிநிலை −33. நீரில் இரண்டும் இரண்டும் கச்சிதமாகப் பொருந்துவதால் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பிணைப்புகள் வரை வைத்துக்கொள்ள முடிகிறது.

கடைசியாக, அந்தப் பிணைப்பு வெளியே போகிறதா அல்லது மூலக்கூறுக்குள்ளேயே முடங்கிவிடுகிறதா என்றும் பாருங்கள். ஆர்த்தோ-நைட்ரோஃபீனாலில் ஹைட்ராக்சில் தொகுதி பக்கத்திலேயே இருக்கும் நைட்ரோ தொகுதியோடு உள்ளுக்குள் கைகோத்துக்கொள்வதால் அண்டை மூலக்கூறுகளைப் பிடிக்க அதனால் முடிவதில்லை. 45 டிகிரியில் உருகி, 216 டிகிரியில் கொதித்துவிடுகிறது. பாரா மாற்றியத்தில் அவை எதிரெதிர் முனைகளில் இருப்பதால் பிணைப்பு வெளியே செல்கிறது. அது உருகவே 114 டிகிரி வேண்டும். ஆர்த்தோவை நீராவியோடு வாலைவடித்துப் பிரித்தெடுக்க முடிவதும் இதனால்தான்.

7. கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்

இங்கே ஒரே ஒரு விதிதான்: எலக்ட்ரான் முகில்கள் ஏறக்குறைய சமமாக இருந்தால் மட்டுமே "ஹைட்ரஜன் பிணைப்பு, பிறகு இருமுனை, பிறகு லண்டன்" என்ற வரிசையைப் பயன்படுத்தலாம். சமமாக இல்லாவிட்டால் அந்த வரிசையை மறந்துவிட்டு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். டெக்கேனுக்கு ஹைட்ரஜன் பிணைப்பும் இல்லை, சொல்லத்தக்க இருமுனையும் இல்லை. ஆனாலும் 174 டிகிரியில் கொதிக்கிறது. 25 டிகிரியில் ஒரு மோல் டெக்கேனை ஆவியாக்கச் சுமார் 51 கிலோஜூல் ஆகும், நீருக்கு 44.

இந்த விதியைப் பழகுவதற்கு நான் கண்ட மிகச் சிறந்த பயிற்சி, சரியாக 18 எலக்ட்ரான்கள் கொண்ட மூலக்கூறுகளின் குடும்பம். எண்ணிக்கை அனைத்துக்கும் ஒன்றே என்பதால் மற்ற காரணிகள் பளிச்சென்று வெளியே தெரிகின்றன. கீழே உள்ள பன்னிரண்டையும் முதலில் விடையைப் பார்க்காமல் நீங்களே வரிசைப்படுத்துங்கள்: ஆர்கான், ஃபுளூரின், சிலேன், ஈத்தேன், பாஸ்ஃபீன், ஹைட்ரஜன் குளோரைடு, ஃபுளூரோமீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்திலமீன், மெத்தனால், ஹைட்ரசீன், ஹைட்ரஜன் பெராக்சைடு.

இனி விடை. ஃபுளூரின் −188, ஆர்கான் −186, சிலேன் −112, ஈத்தேன் −89, பாஸ்ஃபீன் −88, ஹைட்ரஜன் குளோரைடு −85, ஃபுளூரோமீத்தேன் −78, ஹைட்ரஜன் சல்ஃபைடு −60, மெத்திலமீன் −6, மெத்தனால் 65, ஹைட்ரசீன் 114, ஹைட்ரஜன் பெராக்சைடு 150.

முதல் நான்கிலும் இருமுனை இல்லை, ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை, எலக்ட்ரான் எண்ணிக்கையும் ஒன்றே. இருந்தும் அவற்றுக்குள்ளேயே 100 டிகிரி வேறுபாடு. இறுகிய முகிலுக்கும் பரந்து இளகிய முகிலுக்கும் உள்ள வேறுபாடுதான் அது. அடுத்து ஈத்தேனையும் ஹைட்ரஜன் குளோரைடையும் பாருங்கள்: 1.1 டிபை இருமுனை இருந்தும் ஹைட்ரஜன் குளோரைடின் கொதிநிலை கூடுவது வெறும் 4 டிகிரிதான். என்னை மிகவும் திகைக்க வைத்தது ஃபுளூரோமீத்தேன். அதன் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 1.85 டிபை, நீருக்கு உள்ள அதே அளவு. ஹைட்ரஜன் உண்டு, ஃபுளூரினும் உண்டு. ஆனால் ஹைட்ரஜன்கள் கார்பனோடு பிணைந்திருப்பதால் ஆறாம் படியின் நிபந்தனையில் தோற்றுப்போய், −78 டிகிரியில், இருமுனை அதில் பாதியளவே உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் கீழே நின்றுவிடுகிறது.

மெத்திலமீனிலிருந்து பெரிய தாவல் தொடங்குகிறது. நைட்ரஜனோடு பிணைந்த ஹைட்ரஜன் தரும் பிணைப்பு ஆக்சிஜனோடு பிணைந்தது தருவதைவிட வலுக்குறைந்தது என்பதால் மெத்தனால் அதைவிட 71 டிகிரி மேலே இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை கூடும்போது நைட்ரஜனும் முந்திவிடுகிறது: ஹைட்ரசீனில் கொடுக்க நான்கு, வாங்க இரண்டு, மெத்தனாலில் கொடுக்க ஒன்றே. பெராக்சைடில் இரு முனைகளிலும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதிகள். (தூய ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைட்ரசீனும் வெடிக்கும் அபாயம் உள்ளவை. இந்தப் பயிற்சி தாளோடு நிற்கட்டும்.)

முதல் முறை இந்தக் குடும்பத்தை வரிசைப்படுத்த எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, ஐந்து இடங்களில் தவறினேன். உங்களுக்கும் அப்படி ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. தவறிய ஒவ்வொன்றுக்கும் எந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள் என்று மட்டும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

விதி வளையும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியில் கொதிக்கிறது, எத்தனால் 78 டிகிரியில். எத்தனாலில் எலக்ட்ரான்களும் சற்று அதிகம், ஹைட்ரஜன் பிணைப்பும் உண்டு. அசிட்டோநைட்ரைலிடம் இருப்பது 3.9 டிபை அளவிலான மிகப் பெரிய இருமுனை. இருமுனை இந்த அளவுக்குப் பெரிதானால் ஹைட்ரஜன் பிணைப்போடு சமமாக மல்லுக்கு நிற்கும். நைட்ரைல் தொகுதியை (கார்பனும் நைட்ரஜனும் முப்பிணைப்பால் இணைந்தது) கண்டால் உடனே தீர்ப்பு எழுதாதீர்கள்.

8. அட்டவணையோடு ஒப்பிடும்போது ஏமாறாதீர்கள்

கணித்தது சரியா என்று பார்க்க அட்டவணையைத் திறக்கும்போதும் சில பொறிகள் காத்திருக்கின்றன. முதலாவது அழுத்தம். எளிதில் சிதையும் சேர்மங்களின் கொதிநிலையைக் குறைந்த அழுத்தத்தில் அளந்து கொடுத்திருப்பார்கள். நீரே சுமார் 24 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 25 டிகிரியில் கொதித்துவிடும் என்றால், வெறும் எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? அழுத்தம் அச்சிடாத ஒரு பட்டியலை நம்பி, சரியாகப் போட்ட என் கணிப்புகளையே தவறென்று அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

இரண்டாவது, பதங்கமாகும் பொருள்கள். கார்பன் டைஆக்சைடின் −78.5, சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடின் −64 ஆகியவை பதங்கமாகும் வெப்பநிலைகள். அவற்றைச் சாதாரணக் கொதிநிலைகளின் வரிசையில் சேர்த்துக் கணக்குப் போடுவது சரியாகாது.

மூன்றாவது, ஆவியாதல் வெப்பத்தை விசையின் அளவுகோலாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வது. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ட்ரௌட்டன் விதி என்பது அதன் பெயர். கொதிநிலையைக் கெல்வினுக்கு மாற்றி 88-ஆல் பெருக்கினால், மோலுக்கு எத்தனை ஜூல் ஆவியாதல் வெப்பம் என்பது தோராயமாகக் கிடைக்கும். பென்சீன் 353 கெல்வினில் கொதிக்கிறது; பெருக்கினால் 31.1 கிலோஜூல், அளந்த மதிப்பு 30.7. மிக நெருக்கம். நீருக்குப் பெருக்கிப் பார்த்தால் 32.8 வரும், அளந்ததோ 40.7, ஹைட்ரஜன் பிணைப்புகளால் திரவ நிலையிலேயே மூலக்கூறுகள் ஒழுங்குபட்டிருப்பதை இந்த மிகை காட்டிக்கொடுக்கிறது. அசிட்டிக் அமிலத்துக்கு 34 கிலோஜூல் என்று கணக்கு சொல்கிறது, அளந்தால் 24 தான். ஹைட்ரஜன் பிணைப்பு உள்ள சேர்மத்துக்கு எப்படிக் குறைந்தது? அதன் மூலக்கூறுகள் ஆவியிலும் இரண்டிரண்டாகக் கைகோத்தபடியே செல்கின்றன. எல்லாப் பிணைப்பையும் அறுக்காமலே வெளியேறுவதால் செலவு குறைகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் செல்சியஸிலேயே பெருக்கிவிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

9. எவ்வளவு நாள் பிடிக்கும்?

முதல் வாரத்தில் மூன்றாம், நான்காம் படிகளை மட்டும் பழகுங்கள்: மந்த வாயுக்கள், ஹாலஜன்கள், ஆல்கேன்கள். இருமுனை என்ற சொல்லையே அந்த வாரத்தில் தொடாதீர்கள். இரண்டாம் வாரத்தில் இருமுனையைச் சேருங்கள். வடிவம் வரையும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதற்குப் பத்து நாள்கூட ஆகலாம். ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டு மூன்று நாளில் பிடிபட்டுவிடும். அதன் பிறகு 18 எலக்ட்ரான் குடும்பத்தை எடுத்தால் போதும். முன்கூட்டியே எடுத்தால் விடைகள் மனப்பாடமாகிப் பயிற்சி வீணாகும்.

பழகியபின் இரண்டு சேர்மங்களை ஒப்பிட இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகாது. அதற்குள் முடிவு வராவிட்டால் பெரும்பாலும் இரண்டு காரணிகள் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருக்கும். அப்போது அந்த இரண்டையும் பெயர் சொல்லி எழுதிவிட்டு அட்டவணையைத் திறந்துவிடுங்கள். கணிப்பில் இரண்டு கொதிநிலைகளும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் நெருங்கி வருவதாகத் தோன்றினாலும் அதையே செய்யுங்கள். அந்த அளவுக்கு நுணுக்கமாகச் சொல்லும் திறன் இந்த முறைக்குக் கிடையாது.